முதல் மனிதன் பொருநைக் கரையில் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் ஆதிச்சநல்லூர் கட்டுரையில், உலகின் முதல் மனிதன் பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் பிறந்து இங்கிருந்துதான் எங்கும் பரவினான் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாளே அதை என் பேத்தி படிக்கும் பள்ளியில் காலைக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். "ஆப்பிரிக்காவில்தானே?" என்று கேட்டவளை, "பேப்பர்லயே போட்டிருக்கு, பேசாம நில்லு" என்று அதட்டிவிட்டார்கள். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்ல?

தங்களுக்குத் தெரியாததில்லை. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த, நம் மனித இனத்தாரின் எலும்புகளுக்கு வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு. இறந்தோரைப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இரும்புக் காலத்தவை, சில ஆயிரம் ஆண்டுப் பழமைதான். அந்தப் பெருமை நமக்குப் போதாதா? ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை போனவர்களின் மரபணுவில் உள்ள அடையாளக் குறி எம்130. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு அதை உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கண்டறிந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதற்குள் மறந்துவிட்டதா?

நம் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி தொல்லியலாளர்கள் சொய்னரும் ஆல்சினும் 1956-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கையின் பாஹியன்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் சின்னஞ்சிறு கருவிகள் செய்திருக்கிறார்கள். பனியுகத்தில் கடல் வற்றியிருந்த காலங்களில் இங்கிருந்து அங்கே நடந்தே போகலாம். எழுத வேண்டியது இதையல்லவா?

நம் தேரியில் காற்று மணலைத் தள்ளியதும் வெளியே தெரியும் வெங்கச்சாங்கல் சில்லுகளை என் மாணவர்கள் பொறுக்கி வருவார்கள். ஒரு பெட்டி நிறையச் சேர்த்து, இடம் எழுதி, ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். ரசீதுகூடத் தரவில்லை. அப்புறம் கேட்டபோது அப்படியொரு பெட்டியே வரவில்லை என்றார்கள். அதைப் பற்றித் தங்களுக்கு எழுதிய கடிதமும் அச்சேறவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. தேரி மணலோ லாரி லாரியாகப் போகிறது. அதோடு அந்தக் கற்களும்தான் போகின்றன.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு இணைப்பில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். உள்பக்கத்து மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள். வெட்டி எடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
ஸ்ரீவைகுண்டம்.