முதல் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்

கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கு, வணக்கம்.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். காலை வருகைப் பதிவை உரிய நேரத்துக்குள், பள்ளி விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் செயலியில் ஏற்றவில்லை என்று விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. முறைப்படி பதில் கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அன்று உதவி ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பும் என் ஒருத்தியிடம். காலை உணவு முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, கைபேசியோடு அடிபம்புப் பக்கம் போனேன். எங்கள் பள்ளியில் அங்கேதான் சிக்னல் எடுக்கும். செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாள். யாரும் சொல்லாமல் தானாகவே 'அம்மா' என்று எழுதியிருந்தாள், முதல் தடவையாக. "இரும்மா, வரேன்" என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். பதிவு ஏறுவதற்குள் அவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். போய்ப் பார்த்தால் சிலேட்டில் 'அ' மட்டும் மிச்சம். மற்றதைக் கைவியர்வை அழித்திருந்தது.

2022-ல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' கற்பித்தல் திட்டம் வந்தபோது மனதார வரவேற்றவள் நான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துக் கற்பிக்கச் சொன்னது நல்ல யோசனை. நிலை பார்க்க, பக்கத்தில் உட்கார வேண்டுமே! வருகை, மதிப்பீடு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், நலத்திட்டப் பொருள் கணக்கு எல்லாவற்றுக்கும் நானும் என் கைபேசியும்தான். இந்தப் பதிவேற்ற வேலையைத் தலைமையாசிரியர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. அடிபம்படியில் நான் நிற்பது எந்தப் பணி? பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத தகராறில், 2024-25-க்கான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்தியபோதும் பள்ளிக்கூடத்தை நாங்கள் ஒருநாளும் பூட்டவில்லை. எங்களிடம் மட்டும் பத்து நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்கிறீர்கள்.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையத்துக்கு ஒருவரையாவது பதிவேற்றப் பணிக்கென்று நியமியுங்கள். அதுவரை, சிக்னல் இல்லாத பள்ளிகளுக்கு மாலை வரை அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை