கிளிங்கர் எரிந்த இடத்தையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாடுகளின் சீமெந்து உற்பத்தியைச் சுற்றாடல் வினைத்திறன் பார்த்து ஒப்பிட்டு உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எவ்வளவு எரிபொருளும் மூலப்பொருளும் போட்டு எவ்வளவு சீமெந்து எடுக்கிறார்கள், கூடவே எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியே போகிறது என்று பார்த்து, திறமாகச் செய்யும் நாட்டோடு மற்ற நாடுகளை ஒப்பிடுவது நல்ல முறைதான். ஆனால் இலங்கையை அப்படி அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு எடுக்கும் கட்டிகள்தான் கிளிங்கர்; அதை அரைத்துத்தான் சீமெந்து செய்கிறார்கள். சீமெந்தின் மாசில் பெரும்பங்கு இந்தக் கிளிங்கர் சுடும் சூளையில்தான் உண்டாகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் போய்விடும். எவ்வளவு நவீன சூளை கட்டினாலும் அதில் ஒரு கிலோகூடக் குறையாது. 1,450 பாகை வெப்பத்துக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு. எங்கள் நாட்டில் கிளிங்கர் சுடும் ஆலை இப்போது புத்தளத்தில் மட்டும்தான் உண்டு. காங்கேசன்துறை ஆலை 1990இல் யுத்தத்தோடு நின்றுபோனது. திருகோணமலையில் வெளிநாட்டுக் கிளிங்கரை இறக்கி அரைக்கிறார்கள். உள்நாட்டு உற்பத்தியை மட்டும் பார்த்தால் நாங்கள் சுத்தமான நாடாகத் தெரிவோம். மட்டக்களப்பில் எழும்பும் வீட்டுக்கான புகை வேறொரு நாட்டின் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

கட்டட வேலை செய்பவன் என்பதால் இதை மூடைக் கணக்கில் பார்க்கிறேன். ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறக்குறைய 850 கிராம் காபனீரொட்சைட்டு. சாதாரண போட்லன்ட் சீமெந்தில் 95 சதவீதம் கிளிங்கர் என்றால், 50 கிலோ மூடைக்கு 40 கிலோ வாயு. நிலக்கரிச் சாம்பல் சேர்த்துக் கிளிங்கரை 65 சதவீதமாக்கினால் அது 28 கிலோ அளவுக்கு இறங்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் அந்தச் சாம்பல் நிறையக் கிடைக்கிறது.

இருந்தும் கலந்த சீமெந்து என்றாலே வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். அது இறுகிப் பலம் பிடிக்கக் கொஞ்ச நாள் கூடுதலாக எடுக்கும், உண்மைதான். அதற்கேற்ப நாள் கணக்காகத் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். ஆனால் கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டுக் கம்பி துருவேறி, ஊதி, கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே நிற்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! சாம்பல் கலந்த சீமெந்தை ஒழுங்காக நனைத்துப் போட்டால் உப்பு உள்ளே இறங்குவது நன்றாகக் குறையும். சீக்கிரம் உடைத்துத் திரும்பக் கட்டினால் அதே சீமெந்துக்கு இரண்டு தடவை புகை. ஒரு தொன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் கணக்கில் இது வருவதே இல்லை.

அப்புறம், அம்பாறை அரிசி ஆலைகளின் உமி. வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரித்தால் அதன் சாம்பலும் கிளிங்கருக்குப் பதிலாகச் சேரும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் பிரதேச உமியை அங்கே சோதித்துப் பார்க்கலாமே.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபர் முதல், இறக்குமதியாகும் சீமெந்து எவ்வளவு காபனீரொட்சைட்டை வெளியேற்றி உற்பத்தியானது என்ற விபரத்தைக் கேட்கிறது. எங்கள் சுங்கமும் கிளிங்கர் கப்பல்களிடம் அதையே கேட்கலாம். கிளிங்கர் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு மூடையிலும் விலைக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட அரசாங்கம் உத்தரவிட வேண்டும். இதை உங்கள் பத்திரிகை தொடர்ந்து வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.