கள்ளக்காசுக்கும் ஒரு சீட்டு வேண்டும்: சேலம் நாணயக் கண்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற கண்காட்சியில் "வெள்ளைக்காரன் காலத்துக் கள்ள ரூபாய்" என்று விற்கப்பட்ட காசுகளைப் பற்றியது இந்த மடல். எந்தெந்த மேசை என்பது உங்களுக்கே தெரியும். அரங்கிலேயே பேச்சு எழுந்தபோது "பார்த்துக்கலாம்" என்றீர்கள். அடுத்த கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று; இன்னும் யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கள்ளக்காசை விற்கவே கூடாது என்பதல்ல எங்கள் பேச்சு. புழக்கத்தில் ஏமாற்றுவதற்காக அந்தந்தக் காலத்தில் அடித்த காசுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு என்பதால், பிளாட்டினத்தில் அடித்துத் தங்கமுலாம் பூசிப் பொற்காசாகத் தள்ளிவிட்டார்கள். இன்று அந்தக் கள்ளக்காசைத் தேடிப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் 1944 ஐந்து சென்ட் காசில் கட்டடக் குவிமாடத்தின் மேல் பெரிய எழுத்தாக நாணயச்சாலையின் குறி இருக்க வேண்டும். ஹென்னிங் என்பவர் அடித்த கள்ளக்காசில் அது விடுபட்டுப் போனது. அந்தப் பிழைக்காகவே இன்று அதற்கு விலை.

சிக்கல் இங்கேதான். கள்ளக்காசுக்கு மதிப்பு வந்ததும் கள்ளக்காசுக்கே கள்ளக்காசு வந்துவிட்டது. அண்மையில் வார்த்ததை மருந்தில் கறுக்கவைத்து, நூறு வயதை ஏற்றி விற்கிறார்கள். எங்கள் முதல் கோரிக்கை இது: ஒவ்வொரு கள்ளக்காசோடும் அது அக்காலத்ததா, இக்காலத்ததா என்று எழுதி விற்பவர் கையெழுத்திட்ட சீட்டு இருக்க வேண்டும்.

வாங்குபவரே பார்த்து வாங்கட்டும் என்பீர்கள். எதைப் பார்ப்பது? காசு அட்டை ஹோல்டருக்குள் இருக்கிறது, நான்கு பக்கமும் ஸ்டேபிள் பின். "பின்னைக் கழற்றினா வாங்கியே ஆகணும்" என்கிறார் கடைக்காரர். காசின் வண்டவாளம் முழுக்க இருப்பது விளிம்பில். அட்டை மறைப்பதும் அதைத்தான். வார்த்த காசென்றால் இரு அச்சுகள் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரத்தால் ராவியிருந்தால் வரிப்பற்கள் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மழுங்கியும் இருக்கும். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் ஒரு மயிரிழை குறையும். அட்டைக்கு வெளியிலிருந்து இதில் ஒன்றும் தெரியாது. மலையிலிருந்து ஏற்காடு பஸ் பிடித்து இறங்கி வரும் கல்லூரிப் பையன், காசிலுள்ள ராஜாவின் முகத்தை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

எடை போடவும் வழியில்லை. 1835 முதல் 1939 வரை அடித்த வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. எடை ஒரு தோலா, 11.66 கிராம். தேய்ந்ததில் கொஞ்சம் குறையும். அதே அளவு செம்பில் அடித்து முலாம் பூசினால் 10 கிராமை ஒட்டி நின்றுவிடும். தடிமனைக் கூட்டி எடையைச் சரிக்கட்டியிருந்தால் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க முக்குங்கள். தேயாத நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 காட்டும்; 11.66ஐ அதால் வகுத்தால் 10.3. அதுதான் காசின் அடர்த்தி; செம்புக் காசுக்கு இது குறையும். காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் நல்ல காசும் கள்ளக்காசாகத் தெரியும், சோப்புத் தண்ணீரில் ஒருமுறை நனைத்துவிட்டு முக்க வேண்டும். 1940 முதல் வெள்ளி பாதிதான், அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அளவாகக் கலந்தால் 10.3ஐத் தொட்டுவிட முடியும் என்பதும் உண்மை. ஆனால் அது தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு இழுக்கும், தட்டினால் கணீரென்று கேட்காது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில், உலோகத்தின் தூய்மையைக் காட்டும் கேரட் மெஷினில் காட்டிக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னார். அந்த மெஷின் மேல்தோலை மட்டும் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் செம்பையும் வெள்ளி என்றே சொல்லும். காசின் வயதையோ அது சொல்லவே சொல்லாது.

வயதைச் சொல்வது தேய்மானம். கைகளில் புரண்ட காசில் கன்னமும் எழுத்தின் மேடும் முலாம் போய்ச் செம்பு தெரியும், கறுப்பு பள்ளங்களில் தங்கியிருக்கும். மேடு பள்ளம் பாராமல் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது மருந்தின் வேலை. காசு நோட்டம் பார்த்தவர் அன்று போட்ட உளிவெட்டு இருந்தால் இன்னும் நல்லது. பழைய வெட்டுக்குள் செம்பு கறுத்தோ பச்சை பிடித்தோ கிடக்கும். பளிச்சென்று சிவந்திருந்தால் வெட்டு நேற்றையது. சென்ற முறை மூன்று மேசைகளில் இருந்த 1911 "பன்றி ரூபாய்"களில் (ராஜாவின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் வந்த பெயர்), ராஜாவின் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. நூறாண்டு தனித்தனியாகப் புரண்ட மூன்று காசுக்கு ஒரே காயம் எப்படிப்படும்? ஒரே காசைப் பார்த்துச் செய்த அச்சிலிருந்து மூன்றும் வந்திருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லென்ஸ்கூட வேண்டாம், மூன்று மேசைக்கும் நடந்தால் போதும். நீங்கள் நடக்கவில்லை.

காசு பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று அந்தக் காலத்திலேயே தனிப்பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. நாணய வில்லை வெட்டிக் கொடுத்த உருக்காலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. வெள்ளிப் பட்டறைக்குப் பட்டறை எலக்ட்ரானிக் தராசு இருக்க, நாணயக் கண்காட்சி அரங்கில் மட்டும் ஒன்றுகூட இல்லை. பஜ்ஜிக் கடைக்கு மட்டும் இடம் கிடைத்துவிடுகிறது. நுழைவாயிலிலேயே அனுமார் போட்ட "1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா". கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அதற்கு அரிசியைக் காந்தம்போல இழுக்கும் அபூர்வ சக்தி உண்டு என்று சொல்லி ஏமாற்றும் ஆளுக்கும் அடுத்த முறை ஒரு மேசை ஒதுக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு இல்லாவிட்டால் இந்த ஊரில் கண்காட்சியே இல்லை என்பதை அறிவோம். பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: கள்ளக்காசு ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்ட சீட்டு, கேட்டவருக்குப் பின்னைக் கழற்றி விளிம்பைக் காட்டும் வழக்கம், சீட்டில் எழுதியது பொய் என்று தெரிந்தால் முப்பது நாளுக்குள் பணம் திருப்பம். மேசை வாடகை ரசீதிலேயே இந்த மூன்று வரியையும் அச்சடித்துவிட்டால் தனிச் செலவு இல்லை.

தராசு, குவளை, நூல் மூன்றையும் நாங்களே கொண்டுவருகிறோம். வாசலருகே ஒரு மேசையும், கரண்டுக்கு ஒரு பாயின்டும் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்