இரவு 9.10 ஹால்ட் வண்டியைத் திரும்ப விடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
முன்னாள் ராணுவ ஓட்டுநர்,
உத்தனப்பள்ளி அஞ்சல்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கிளை மேலாளர் அவர்கள்,
பேருந்துப் பணிமனை.

பொருள்: ஓசூரிலிருந்து சானமாவு, உத்தனப்பள்ளி வழியாக எங்கள் ஊருக்கு வந்து இரவு தங்கும் நகரப் பேருந்தை மீண்டும் இயக்குவது; பெங்களூர் எலகங்கா விமானக் கண்காட்சி நாட்களில் அதைக் கட்டாயம் இயக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்காக 2025 மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, 2026 ஜனவரியில் ஒன்று என மூன்று மனு கொடுத்துவிட்டோம். முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதற்குப் பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. மூன்றாவதற்கு, மனு முடித்து வைக்கப்பட்டதாக என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனுவை முடித்து வைத்துவிட்டீர்கள், சரி. வண்டியை எப்போது எடுத்து விடுவீர்கள் என்று பணிவோடு கேட்கத்தான் இந்த நான்காவது மனு.

1. வண்டியைப் பற்றித் தாங்கள் அறியாதது இல்லை. ஓசூரில் இரவு 9.10-க்கு எடுத்து, எங்கள் ஊர் ஆலமரத்தடியில் ஹால்ட் ஆகி, விடியற்காலை 5.30-க்குத் திரும்பும் வண்டி. 2024 தீபாவளிக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் ட்ரிப் கட் ஆனது. 2025 ஜூனிலிருந்து அடியோடு நின்றுவிட்டது. ஹால்ட் வண்டி ஒரு ராத்திரி வராவிட்டால் மறுநாள் காலை வண்டியும் இல்லை என்பது தொழில் தெரிந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2. எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி 1996-லிருந்து நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2025-இல் பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது. முதல் மூன்று நாள் வியாபாரம் பேச வருகிறவர்களுக்கு, கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு. சென்னைக்காரர்களுக்கு அது தூரத்து அதிசயம். நமக்கு அது பக்கத்து ஊர்த் திருவிழா மாதிரி. ஓசூரில் ஏறினால் அத்திப்பள்ளி, சில்க் போர்டு, மெஜஸ்டிக், ஹெப்பாள், எலகங்கா, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 11 பேரைக் கடைசி நாளான 14-ஆம் தேதி கூட்டிப் போனோம். சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஊர் இளைஞர்கள் காசு போட்டு, ஆளுக்கு ஆயிரம் ரூபாய் டிக்கெட் 13 வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பறப்பதை மட்டும்தான் பார்க்கலாம். அரங்குகளுக்குள் போவதென்றால் 2,500. எங்களுக்குப் பறப்பதே போதும் என்றாகிவிட்டது. பெரியவர்கள் நானும் ஒரு பிள்ளையின் தாயும்.

பிள்ளைகள் பார்த்ததைச் சொன்னால்தான் அப்புறம் பட்டது புரியும். விமானப்படையின் சூரியகிரண் சாகசக் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் வந்தன. சுகோய்-30 மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நேராக ஏறியபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ரஷ்யாவிலிருந்து சுகோய்-57 வந்திருந்தது. பெங்களூரிலேயே செய்த நம் தேஜஸ் வந்தபோது, கண்காட்சி தொடங்க ஒரு நாள் இருக்கும்போது விமானப்படைத் தளபதியும் தரைப்படைத் தளபதியும் ஒன்றாகத் தேஜஸில் பறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "தரைப்படைக்காரரை எதுக்கு தாத்தா ஏத்துனாங்க?" என்று ஒரு பொடியன் கேட்டான். பதினேழு வருஷம் தரைப்படையில் லாரி ஓட்டிய என்னிடம் இந்தக் கேள்வி!

இன்னொன்றும் பார்த்தேன். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து தளத்துக்கு மாநகரப் பேருந்துகள் இலவசமாக ஓடின. ஒன்று நிறைந்து கிளம்பினால் அடுத்தது வந்து நிற்கும். அத்தனை ஆயிரம் பேரை அவர்கள் ஏற்றி இறக்கினார்கள். ஓட்டுநர் புத்தி எனக்கு, விமானத்தைவிட அதைத்தான் ரசித்தேன்.

3. இப்போது அன்றைய ராத்திரிக்கு வருகிறேன். முந்தைய மூன்று மனுக்களிலும் இதைச் சுருக்கி எழுதியதால்தான் அதன் கனம் தங்களுக்குத் தெரியவில்லையோ என்று நினைத்து, இந்த முறை முழுதாக எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

ஹெப்பாளிலும் சில்க் போர்டிலும் நெரிசலில் நின்று நின்று, ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது இரவு 8.40. அரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்தேன். 9.10 ஆனது. டைம் கீப்பரைக் கேட்டேன். வண்டி வரும் என்றார். 9.30-க்குக் கேட்டபோது டிரைவர் லீவு என்றார். 9.50-க்குக் கேட்டபோது வண்டி பிரேக் டவுன், ஸ்பேர் வண்டி இல்லை என்றார். டிரைவர் லீவில் இருக்கும்போது வண்டி எங்கே ஓடி எப்படி பிரேக் டவுன் ஆனது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், கேட்டிருந்தால் என் வாயிலிருந்து வேறு வார்த்தையும் வந்திருக்கும்.

ராயக்கோட்டை வழி தர்மபுரி வண்டி இருந்ததே என்று தாங்கள் கேட்கலாம். இருந்தது. படிக்கட்டு வரை ஆள். 13 பேரா என்று கண்டக்டர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். ஏறியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? உத்தனப்பள்ளியில் இறங்கி உள்ளே 4 கி.மீ. விளக்கில்லாத பாதை, இரண்டு பக்கமும் காடுகழனி. அதில் ராத்திரி 11 மணிக்குப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போக எந்தப் பெரியவருக்கு மனசு வரும்?

ஆட்டோக்காரர்கள் ஓசூரிலேயே இருக்கும் ராயக்கோட்டை அட்கோ வரை வருகிறோம், அதற்கு மேல் வரமாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சானமாவு காட்டில் யானைக் கூட்டம் நிற்கிறது, ராத்திரியில் ரோட்டைக் கடக்கும் என்று வனத்துறையினர் அன்று மாலைதான் மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ராகி அறுப்புக் காலத்தில் ஜவளகிரிப் பக்கமிருந்து வருகிற யானைகள் திரும்பிப் போக எத்தனை மாதம் ஆகும் என்பது இந்த ரோட்டில் வண்டி விடும் தங்களுக்குத் தெரியாதா, ஐயா?

இரண்டு சின்னவர்கள் சிமெண்டுத் திண்ணையிலேயே தூங்கிவிட்டார்கள். ஒருத்தி கையில் வாங்கிய காகிதக் கொடி அப்படியே இருந்தது. ஒரு பெண் பிள்ளைக்கு அன்று உடம்புக்கு முடியாத நாள். அது யாரிடமும் சொல்லாமல் அந்தத் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றது. ஊரிலிருந்து போன் மேல் போன். என்ன சொல்வது? வண்டி வரும் என்று டைம் கீப்பர் எனக்குச் சொன்னதையே நான் அவர்களுக்குச் சொன்னேன்.

11.40-க்கு ஒரு பிக்கப் வண்டி கிடைத்தது. பெங்களூர் மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு, காலி கிரேடுகளோடு ராயக்கோட்டைக்குத் திரும்பும் வண்டி. அந்த ஓட்டுநர் காசு வாங்கவில்லை. கிரேடுகளை ஒதுக்கி நடுவில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற சட்டம் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன்.

சானமாவுக்கு முன்னால் எதிரே வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார். நிறுத்திவிட்டோம். இருபது நிமிடம். இன்ஜின் இல்லை, விளக்கு இல்லை. தைல மரங்களுக்குள் கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பகலெல்லாம் கத்திக் கூச்சல் போட்ட பிள்ளைகள் மூச்சு விடவில்லை. சோஜிலா கணவாயில் பனியில் கான்வாய் ஓட்டும்போது, பின்னால் வரும் வண்டிகளை விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று அந்த இருட்டில் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் பதினொன்று. எத்தனை முறை என்று தெரியாது.

ஊர் சேர்ந்தது ராத்திரி 1.15-க்கு. பெற்றவர்கள் டார்ச் லைட்டோடு ஆலமரத்தடியில் நின்றிருந்தார்கள். நம் வண்டி ஹால்ட் ஆக வேண்டிய அதே இடம். கூட வந்த அந்தத் தாய்க்குக் காலையில் 5.30 வண்டியும் இல்லாததால் அன்றைய சம்பளமும் போயிற்று. பிள்ளைகள் மறுநாள் ஊரெல்லாம் யானைக் கதைதான் சொன்னார்கள். ஒன்பது விமானம் பறந்ததை யாரும் சொல்லக் காணோம்.

4. அன்று ஒரு நாள் பிள்ளைகள் பட்டதைச் சிறு கம்பெனிகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வருடமாகத் தினம் படுகிறார்கள். கம்பெனி பஸ் பெரிய கம்பெனிக்குத்தான். இரவு 8 மணிக்கு வேலை முடிந்து வருபவர்கள் 9.10 வண்டியை நம்பித்தான் அந்த வேலையில் சேர்ந்தார்கள். ஆறு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்ல திட்டம், நன்றி. வராத வண்டியில் இலவசமாக எப்படி ஏறுவது?

5. தங்கள் பணிமனையில் எங்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன காரணங்கள்:

கலெக்ஷன் இல்லை. வாரத்தில் பாதி நாள் வராத வண்டிக்கு யார் காத்திருப்பார்கள்? காத்திருக்காவிட்டால் கலெக்ஷன் எங்கிருந்து வரும்?

யானை நடமாட்டம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. யானைக்குப் பயந்து அத்தனை பெரிய பேருந்தை நிறுத்துவீர்கள். அதே ரோட்டில் நாங்கள் பைக்கிலும் காலி கிரேடு வண்டியிலும் போகலாமா? யானை இருப்பதால்தானே ஐயா பேருந்து வேண்டும் என்கிறோம்?

கண்காட்சிக்குப் போனது உங்கள் இஷ்டம் என்றும் ஒருவர் சொன்னார். ஆமாம், இஷ்டம்தான். பிள்ளைகள் விமானம் பார்க்க இஷ்டப்பட்டார்கள். சொந்தக் காரில் போயிருக்கலாமே என்றார். 2019 பிப்ரவரி 23 அன்று அதே கண்காட்சியின் வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்து ஏறக்குறைய 300 கார்கள் எரிந்தன. கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை. எங்கள் தெருவில் கார் இருப்பது இரண்டே வீட்டில்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் உயிரிழந்தார்கள். வெயில், லட்சக்கணக்கில் கூட்டம், ரயில் நிலையங்களில் ஏற முடியாத நெரிசல். அப்போது எல்லோரும் பேசினோம். வானத்தில் நடப்பதற்கு ஒத்திகை மேல் ஒத்திகை பார்க்கிறார்கள். பார்த்தவன் வீடு போய்ச் சேருவதற்கு யார் ஒத்திகை பார்க்கிறார்கள்? எங்கள் 13 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இது சின்ன விஷயம் ஆகிவிடுமா? ஆகியிருந்தால்தான் கோப்பு நகருமா?

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் மன்னிக்கவும். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன். மனு எழுதி எழுதி வீட்டில் தாளும் தீர்ந்துவிட்டது.

6. வழக்கப்படி அடுத்த ஏரோ இந்தியா 2027 பிப்ரவரியில் வர வேண்டும். அன்று எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் அப்போது பத்தாம் வகுப்பில் இருப்பார்கள். மறுபடி போக வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள், முதலில் வண்டியைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறார்கள். ஆகவே கேட்பது:

(அ) 9.10 ஹால்ட் வண்டியை உடனே, தினமும், எங்கள் ஊர் வரை இயக்க வேண்டும்.

(ஆ) கண்காட்சியில் பொதுமக்களுக்கான இரண்டு நாட்களிலும் பெங்களூரிலிருந்து திரும்புகிறவர்கள் வந்து சேரும்வரை, 10 மணி வரையாவது, அந்த வண்டி ஓசூரில் காத்திருக்க வேண்டும். முடிந்தால் காலையில் ஓசூரிலிருந்து எலகங்காவுக்கு நேராக ஒரு சிறப்புப் பேருந்தும், மாலையில் திரும்ப ஒன்றும். இது முடியாவிட்டாலும் முதலில் சொன்னதைத் தட்டக் கூடாது.

(இ) வண்டி கட் என்றால் அதை இரவு 7 மணிக்கே பலகையில் எழுதிப் போடுங்கள். இதற்கு டீசல் செலவு இல்லை.

7. திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன், 9.10 வண்டி. டிரைவர் பற்றாக்குறை என்றால் சொல்லுங்கள், எங்கள் ஊரிலேயே கனரக லைசென்ஸ் வைத்திருக்கும் பையன்கள் நான்கு பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். எனக்கு வயது 63, இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். ஹால்ட் ஆகும் டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் சமுதாயக் கூடத்தில் மின்விசிறியோடு அறை ஒதுக்கித் தருகிறோம், ராத்திரிச் சாப்பாடு ஊர்ப் பொறுப்பு. இதை ஆகஸ்ட் மனுவிலும் எழுதியிருக்கிறோம், தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். வேண்டுமானால் ஒரு நாள் மாலை தாங்களே எங்களோடு ஓசூரில் நின்று, எங்களோடு ஊர் வந்து சேருங்கள். சாப்பாடு தங்களுக்கும் உண்டு.

பதிலைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம், ஐயா. 9.10-க்கு வண்டியை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
முன்னாள் ராணுவ ஓட்டுநர்.

இடம்: உத்தனப்பள்ளி
நாள்: 15.06.2026

இணைப்பு: 84 பேர் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கும் 11 கையெழுத்தும் பிள்ளைகளுடையது. அவை செல்லாது என்று தெரியும், இருந்தாலும் அவர்கள் போடுவோம் என்றார்கள்.