கெத்செமனி மடத்திலிருந்து திரும்பியபின்

அன்புள்ள சேவியர்,

வீட்டில் அனைவரும் நலம்; அம்மாவின் முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. வேலையை விட்டு வேறு ஊருக்குப் போவதைப் பற்றி உன் கடிதம் கேட்டதற்கு வருமுன், அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள கெத்செமனி மடத்தில் தங்கி வந்ததைச் சொல்லியாக வேண்டும்.

1848இல் பிரான்சிலிருந்து வந்த டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்க சபைத் துறவிகள் தொடங்கிய மடம் அது. நீ நினைப்பதுபோல் அவர்கள் பேசாதிருக்க வார்த்தைப்பாடு, அதாவது இறைவன் முன் வாக்குறுதி, எதுவும் கொடுப்பதில்லை. வீண்பேச்சுதான் இல்லை, ஆகவே உனக்கு அங்கே ஒரு பொழுதும் தாங்காது. அதிகாலை மூன்றேகால் மணிக்கு முதல் செபம். நம் விடுதி வார்டன் கதவை இடித்தும் எழாத நான் மணியடிக்குமுன் எழுந்து உட்கார்ந்திருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். தம் கைகளின் உழைப்பால் வாழ்பவரே மெய்யான துறவி என்னும், துறவு வாழ்வுக்கு விதிகள் வகுத்த புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி, போர்பன் விஸ்கி சேர்த்த ஃபட்ஜ் என்னும் இனிப்பும் பழக்கேக்கும் செய்து விற்கிறார்கள். (விஸ்கியோடு நின்றுவிடாமல் மேலே படி.) நாளின் கடைசிச் செபத்தை முடித்துவைப்பது உன் பாட்டி முணுமுணுக்கும் அதே கிருபை தயாபத்து மந்திரம்தான், மாதாவை நோக்கிய செபம்.

என்னை உலுக்கியது அவர்களுடைய நிலைத்திருத்தல் வார்த்தைப்பாடு. சேர்ந்த மடத்திலேயே, அந்தச் சகோதரர்களோடேயே சாகும்வரை இருப்பதாக ஒருவர் வாக்களிக்கிறார். உணவறையில் எதிரே அமர்பவர் சூப்பை உறிஞ்சிக் குடிப்பவரானாலும் ஆயுள் முழுதும் அவர்தான். 1941 டிசம்பர் 10 அன்று அங்கே நுழைந்த, துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டனுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. கூடுதல் தனிமை வேண்டி வேறு சபைக்குப் போய்விடலாமா என்று ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்தவர், கடைசியில் மடத்துக் காட்டிலேயே ஒரு குடிலில் தங்கினார். 1968இல் ஆசியப் பயணத்தில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்துவிட்டு, அதே டிசம்பர் 10 அன்று பாங்காக் அருகே இறந்த அவரது உடலை இந்த மடத்துக்கே கொண்டுவந்து, மற்றவர்களுடையதைப் போன்ற வெள்ளைச் சிலுவையின் கீழ் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வேலையை விட்டு வேறு ஊருக்குப் போவதாக நீ எழுதியிருந்தது அங்கேதான் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. போகாதே என்று சொல்ல, ஊரைவிட்டே ஓடிவந்த எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீ சொன்ன காரணம் சம்பளமல்ல, உடன் பணிபுரிவோரின் முகங்களைச் சகிக்க முடியவில்லை என்பது. புதிய ஊரிலும் முகங்கள் இருக்குமே, சேவியர்.

நீ இங்கு வரும்போது இருவரும் போவோம். விருந்தினருக்குக் கட்டணம் நிர்ணயிப்பதில்லை, இயன்றதைக் கொடுக்கலாம். இது தெரிந்தால் உன் மாமா நிரந்தரமாகவே தங்கிவிடுவார் என்பதால் அவரிடம் மூச்சுவிடாதே. முன்பதிவு செய்யவேண்டும், பயணத் தேதியை உடனே எழுது.

அன்புடன்,
தாசன்