மருமகனின் காரில் கேட்கும் சத்தம்

கொழும்பு 06

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் கேட்டுக்கொண்டபடி உமது மருமகனின் புதிய காரைப் பார்த்துவிட்டேன். இஞ்சின் வால்வுகளிலோ, அவற்றைத் தள்ளித் திறக்கும் டப்பெட்டுகளிலோ பழுது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளிடமும் இதைச் சொல்லி அவளுடைய கவலையைத் தணியும். பல ஆண்டுகள் மூடிக்கிடந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பின்னர், அவ்வளவு வரியையும் கட்டி ஆசையோடு எடுப்பித்த விளையாட்டுக் கார் அது. அதன் இஞ்சினில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

மருமகன் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது வெள்ளவத்தை அடுக்குமாடியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில். கொங்கிரீட் சுவர்களுக்கு நடுவே எந்தச் சிறிய ஒலியும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஆகவே காரை எங்கள் வீட்டு முற்றத்தில் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, விடியற்காலையில், இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்த நிலையில் நானே இயக்கிப் பார்த்தேன்.

உமக்கு நினைவிருக்கும், கட்டுபெத்தையில் படித்த காலத்தில் என் அப்பாவின் மொரிஸ் மைனரில் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டப்பெட் இடைவெளியை, பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்வோம். சத்தமிடும் டப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டப்பெட்டுக்குத்தான் அஞ்ச வேண்டும் என்று அன்று அறிந்துகொண்டது இன்றைக்கும் பொருந்தும். இடைவெளி அளவுக்கு மேல் குறைந்தால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. அமராத வால்வு தன் வெப்பத்தை இஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகிப்போகும். பிற்காலத்தில் வந்த ஹைட்ரோலிக் டப்பெட்டுகள் ஒயில் அழுத்தத்தால் அந்த இடைவெளியைத் தாமாகவே நிரப்பிக்கொள்வதால், சாதாரணக் கார்களில் நாங்கள் அமைதிக்குப் பழகிவிட்டோம். ஆனால் மிக வேகமாகச் சுழலும் இஞ்சின்கள் சிலவற்றில் அவற்றை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். 2017இல் வந்த போர்ஷே 911 ஜிடி3இன் 4.0 லீற்றர் இஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை செல்லும். அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 தடவை திறந்து மூடுகிறது. அங்கே ஹைட்ரோலிக் பாகத்தின் எடையே சுமையாகிவிடும். ஆகவே தொழிற்சாலையிலேயே இடைவெளியை அளந்து நிரந்தரமாக அமைத்துவிடுகிறார்கள். மருமகனின் காரும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதில் எல்லா சிலிண்டர்களிலும் ஒரே சீராகக் கேட்கும் மெல்லிய தட்டல் இஞ்சினின் இயல்பு.

அத்துடன் பெற்றோலை நேரடியாக சிலிண்டருக்குள் பாய்ச்சும் இன்ஜெக்டர்களின் சத்தமும் சேர்கிறது. 200 பார் அல்லது அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அவை திறந்து மூடும்போது எழும் ஒலியைப் பலர் டப்பெட் சத்தம் என்றே எண்ணிவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தும் பிரித்தறிய முடியாது. வால்வுகளை இயக்கும் காம் சாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 800 சுற்றில் ஒரு வால்வு நொடிக்கு ஏறத்தாழ ஏழு தடவை தட்டும். ஒரு சுழற்சிக்கு ஒருமுறை பாய்ச்சும் இன்ஜெக்டரும் அதே ஏழு தடவைதான் தட்டும். தட்டல் நொடிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தடவை கேட்டால் கிராங்க் சாஃப்ட் பக்கமும் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் கேட்கவில்லை.

மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டபோதுதான் உண்மை தெரியவந்தது. வால்வு மூடிகளின் மேல் எங்கும் ஒரே அளவான ஒலி. ஒரு பக்கத்தின் பின்புறத்தில் மாத்திரம், புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்துக்கு அருகே, கூர்மையான வேறொரு தட்டல். சிறிது முடுக்கியபோது அது ஓங்கியது; இஞ்சின் சூடேற ஏறக் குறைந்து, ஐந்தாறு நிமிடங்களில் மறைந்தேவிட்டது. உலோகம் விரிந்து கசிவை அடைத்துக்கொள்வதன் அடையாளம் இது. இஞ்சினை நிறுத்திக் கைவிளக்கால் பார்த்தபோது, அந்த இணைப்பின் விளிம்பில் மெல்லிய கரிக்கோடு படிந்திருந்தது. இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட் சரியாகப் பொருந்தவில்லை அல்லது ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது என்பதே என் முடிவு. குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் காணும் புகைச் சோதனை செய்தால் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

இடையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யாரோ ஒருவர் தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று மருமகனுக்குச் சொல்லியிருக்கிறார். இதை நான் கடுமையாக மறுத்தேன். காரின் கையேடு குறிப்பிடும் ஒயிலைக் கணக்கில் வைத்தே அதன் நுண்ணிய வழிகளும், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் கருவிகளும் வடிவமைக்கப்பட்டுள்ளன. தடித்த ஒயில், குளிர்ந்த இஞ்சினைத் தொடக்கும்போது மேற்பகுதியைச் சென்றடையத் தாமதிக்கும். தேய்மானம் அதிகம் நிகழ்வதும் அந்த நேரத்தில்தான். எக்ஸோஸ்ட் கசிவுக்கோ ஒயிலோடு எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் அறியாமல் சத்தத்தை மட்டும் அடக்க நினைப்பது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைத் தண்ணீரில் நனைப்பதைப் போன்றது.

போல்ட்டை நானே முறுக்கிவிடலாமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றேன். அலுமினியத்தில் பொருத்திய போல்ட்டை அளவு தெரியாமல் முறுக்கினால் புரி கழன்றுவிடும், உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். காரை ஓட்டிக்கொண்டு முகவர் நிலையத்துக்குப் போனால் அங்கே சேரும்போது இஞ்சின் சூடாகிச் சத்தம் போயிருக்கும்; “ஒன்றுமில்லை” என்று திருப்பியனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல்நாள் மாலையிலேயே காரை அங்கே விட்டு, மறுநாள் காலையில் அவர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டும். குளிர்நிலைச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிவுசெய்து, கரிக்கோட்டின் படத்தையும் எழுத்துமூல முறைப்பாட்டோடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கசிவு சரியாகும்வரை ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. சூடான வாயு அருகிலுள்ள வயர்களைச் சேதப்படுத்தக்கூடும்.

முகவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அறிந்ததும் எழுதுகிறேன். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பொங்கலுக்கு யாழ்ப்பாணம் வர எண்ணியிருக்கிறேன். உமது வீட்டில் தங்க இடம் இருக்குமா என்று எழுதும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்