தீபாவளிக்கு ஒரு பானை ஒடியற் கூழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளியன்று விடியமுன் பலகாரம், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி என்று வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே கிடக்கும் வழக்கத்தை மாற்றுவோம். பூசையும் பலகாரமும் இருக்கட்டும். பெரிய சாப்பாட்டைப் பின்னேரக் கூழாக்கினால் காய் வெட்ட, இறால் உடைக்க, துழாவ என்று ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்.

8 பேருக்கு ஒடியல் மா, அதாவது பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, 250 கிராம். ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். 3 லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் அவியட்டும். மரவள்ளி அவியும்போது பானையை மூடக்கூடாது. மச்சம் சாப்பிடாத பெரியவர்களின் பங்கை இப்போதே வேறு சட்டியில் எடுத்துவிட வேண்டும். பிறகு மீன்தலை, நண்டு, அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், புளி. இறாலும் கரைத்த மாவும் கடைசியில்தான். மாவை முந்தி விட்டால் அடிப்பிடிக்கும். இறால் முந்தினால் றப்பராகிவிடும். தண்ணீர்ப்பதத்திலேயே இறக்குங்கள், ஆற ஆற இறுகும்.

ஐப்பசியில் கடல் கலங்கி திருகோணமலைச் சந்தையில் மீன் விலை ஏறினால் நெத்தலிக் கருவாடும் போடலாம். அப்போது உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

வாசகர்,
திருகோணமலை